கடன் ஆப் மீது ஆதாரம் திரட்ட எது நல்ல வழி: புகார்த் தொகுப்பா, சர்வேயா, மாறுவேடமா, ஆப் சோதனையா?

கல்லூரி நுகர்வோர் மன்ற மாணவர்கள், மகளிர் குழுக் கூட்டமைப்பில் வேலை பார்ப்பவர்கள், ஓரிரு வழக்கறிஞர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி. "எங்கள் பக்கம் கடன் ஆப்பால் நிறையப் பேர் சீரழிகிறார்கள். ரிசர்வ் வங்கிக்கு எழுதலாம் என்றிருக்கிறோம். வெறுமனே எழுதினால் மதிப்பிருக்காது. சர்வே எடுக்கலாமா, புகார்களைத் தொகுத்து அனுப்பினால் போதுமா?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு போனைப் பார்த்துவிடலாம்.

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. தீபாவளி நெருக்கத்தில் லைனிங் துணி எடுக்க அவசரமாகப் பணம் தேவைப்பட்டு, ஓர் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். "கைக்கு வந்தது மூவாயிரத்து ஐந்நூறுதான் தம்பி. ஏழாம் நாள் அஞ்சாயிரம் கட்டச் சொல்றான்" என்றார். மிச்சம் 1,500 எங்கே? 'ப்ராசசிங் ஃபீ'யாம். 3,500 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,500 என்றால், ஆண்டுக் கணக்கில் 2,200 சதவீதத்துக்கு மேல் போகிறது. மீட்டர் வட்டிக்காரரே மூக்கில் விரல் வைப்பார்.

நான் கேட்டது அந்த 1,500-ஐப் பற்றி அல்ல. "கடன் கொடுத்தது யாரு அக்கா?" ஆப்பின் பெயரைச் சொன்னார். "அது ஆப். பணம் யாரோடது?" தெரியவில்லை. அவருடைய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தோம். 3,500 வரவான வரியில், ஆப்பின் பெயருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது.

அந்த ஒரு வரி கிடைக்காமல் போயிருந்தால், நாங்கள் எழுதும் கடிதம் மேசை மேசையாகச் சுற்றியிருக்கும். ரிசர்வ் வங்கியின் பிடி வங்கிகள் மீதும் அதனிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனங்கள் மீதும்தான். ஆப் என்பது அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர். இடைத்தரகரை மட்டும் காட்டினால் 'எங்கள் வரம்பில் வராது' என்று ஒற்றை வரியில் முடித்துவிடலாம். முதலாளியைக் காட்டினால் அப்படி முடிக்க முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியாக இருந்தாலும் நான் ஐந்து விஷயங்களை வைத்துப் பார்ப்பேன்.

முதலாவது, பெயர். இந்த வழியில் போனால், ஆப்புக்குப் பின்னால் இருக்கும் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயர் கையில் கிடைக்குமா? அப்படி ஒரு நிறுவனமே இல்லையென்றால் அதுவாவது உறுதிப்படுமா? மற்ற நான்கும் சேர்ந்தால்கூட இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இரண்டாவது, எந்த மாதிரிக் கேள்விக்கு விடை சொல்கிறது? 'இப்படி நடக்கிறது' என்பது ஒன்று, 'நூற்றில் இத்தனை பேருக்கு நடக்கிறது' என்பது வேறொன்று. முதலாவதற்குப் பத்துப் பேரின் தெளிவான ஆவணங்கள் போதும். இரண்டாவதற்குப் பத்தாயிரம் புகார் வந்தாலும் போதாது.

மூன்றாவது, நேரம். ரிசர்வ் வங்கி வரைவு விதியையோ அறிக்கையையோ வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது சில வாரங்கள்தான் கிடைக்கும். டிஜிட்டல் கடன் பற்றிய பணிக்குழு அறிக்கை 2021 நவம்பர் 18 அன்று வந்தது, கருத்துச் சொல்லக் கடைசி நாள் டிசம்பர் 31. அறிக்கை வந்த அன்றைக்குக் கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தவர்கள் பாவம்.

நான்காவது, நம்மிடம் விவரம் சொல்பவருக்கு அதனால் கூடுதல் தொல்லை வருமா என்பது. ஐந்தாவது, செலவு. இதில் ரூபாய் மட்டுமில்லை, தொண்டர்களின் மாலை நேரமும் தூக்கமும் சேர்த்தி.

## 2021-ல் எது எடுபட்டது

ஆராய்ச்சி எப்படி விதியாக மாறுகிறது என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த உதாரணம் அந்தப் பணிக்குழுதான். 2021 ஜனவரியில் அமைத்தார்கள். வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் தரவு கேட்டு வாங்கினார்கள். ஆனால் அறிக்கையில் எல்லோர் நினைவிலும் நின்றவை வேறு இரண்டு. ஒன்று, அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட ஆப் ஸ்டோர்களைத் துழாவி, இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என்று எண்ணிக் காட்டியது. மற்றது, ரிசர்வ் வங்கியின் (ஆர்பிஐ) 'சசேத்' புகார்த் தளத்துக்கு வந்த புகார்களைப் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலானவை ஆர்பிஐ கட்டுப்பாட்டிலேயே இல்லாதவர்களின் ஆப்கள் மீது. அடுத்த பெரிய பங்கு, சிறிய நிதி நிறுவனங்களோடு கூட்டு வைத்த ஆப்கள் மீது.

2022 செப்டம்பர் 2 அன்று வழிகாட்டு விதிகள் வந்தன. கடன் தொகை கொடுப்பவரின் கணக்கிலிருந்து நேராக வாங்குபவரின் கணக்குக்கு வர வேண்டும் (சில விலக்குகள் உண்டு). போனிலுள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியலை ஆப் தொடக் கூடாது. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று முக்கிய விவர அறிக்கையில் முன்கூட்டியே காட்ட வேண்டும். மனம் மாறினால் கடனைத் திருப்பிக் கொடுத்து வெளியேற ஓர் அவகாசம் தர வேண்டும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குகிறார்கள் என்று வந்த புகாரையும் தொடர்பு எண்களைத் தொடாதே என்ற விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டும் சாவியும் போல இருக்கும். கடன் வாங்கியவர்களின் வீடு வீடாகப் போய் எடுத்த சர்வே இல்லாமலேயே இது நடந்தது.

## வழி 1: புகார்த் தொகுப்பு

பெரும்பாலான குழுக்கள் இதில்தான் தொடங்குகின்றன, பெரும்பாலானவை இதைத்தான் சொதப்பவும் செய்கின்றன. சொதப்பல் வழக்கமாக இப்படித் தொடங்கும்: கூகுள் ஃபார்ம் ஒன்றை வாட்ஸ்அப்பில் விடுவது. நாங்களும் விட்டோம். நிரப்பியவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள், 'என் நண்பனுக்கு இப்படி நடந்ததாம்' என்ற வகை. தையல் கடை அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. அவருக்குப் படிவத்தைப் பார்த்தாலே பயம், ஏற்கெனவே ஒன்றை நிரப்பித்தானே மாட்டிக்கொண்டார்!

ஆகவே ஆளோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஒவ்வொரு புகாரிலும் நான் கேட்டு வாங்குவது இவை: ஆப்பின் பெயரும் அது எங்கிருந்து இறக்கப்பட்டது என்பதும், கேட்ட தொகை, வந்த தொகை, வந்த தேதி, ஸ்டேட்மென்ட்டில் வரவு வரியும் கட்டிய வரியும் அப்படியே, கட்டச் சொன்ன யூபிஐ ஐடி, கட்ட வேண்டிய தேதி, வசூல் அழைப்பு வந்த எண்கள், நேரம். கட்டிய பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் யாரோ ஒரு தனி ஆளின் யூபிஐ-க்குப் போயிருந்தால், விதி மீறல் அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருக்கிறது. இன்னொன்று, 60 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் ஆப்களைக் கூகுள் ப்ளே ஸ்டோர் தன் கொள்கையிலேயே தடை செய்திருக்கிறது. எனவே ஏழு நாள் தவணை என்பதே தனிப் புகார். ஆர்பிஐக்கு எழுதும் அன்றே கூகுளுக்கும் அனுப்பலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் என்று பார்த்தால், வருகிறவருக்கு ஆராய்ச்சி தேவையில்லை, பணம் திரும்ப வேண்டும். நீங்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்த கணத்திலிருந்து அவர் கணக்கில் நீங்கள்தான் அதிகாரி. ராத்திரி பதினொரு மணிக்கு "தம்பி, மறுபடி போன் பண்றான்" என்று அழைப்பு வரும், எடுக்காமல் இருக்க முடியாது. அதனால் எங்கள் வரிசை இதுதான்: பணம் மோசடியாகப் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைப்பு, அப்புறம் வங்கிக்கு எழுத்தில் தகவல், அதற்குப் பிறகே எங்கள் நோட்டு. அனுமதியில்லாமல் கணக்கிலிருந்து பணம் போன சம்பவங்களில், 2017 ஜூலை 6 தேதியிட்ட ஆர்பிஐ சுற்றறிக்கைப்படி, பிழை வாடிக்கையாளர் மீது இல்லாமல் மூன்றாம் தரப்பு மீறலாக இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்குப் பொறுப்பே இல்லை. நாம் விவரம் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மூன்று நாள் கழிந்துவிடக் கூடாது.

மிரட்டுவதற்காக வசூல் ஆட்கள் மார்ஃபிங் செய்து (முகத்தை வேறு படத்தில் ஒட்டி) அனுப்பிய படங்களை நாங்கள் வாங்கி வைப்பதில்லை. 'அப்படி ஒரு படம் வந்தது, இந்தத் தேதி, இந்த எண்ணிலிருந்து' என்று எழுதிக்கொண்டு, படத்தோடு போலீசுக்குப் போக உதவுவோம். நம் லேப்டாப் தொலைந்தால் அவர் மானமும் சேர்ந்து தொலையும்.

இந்த வழிக்கு ஒரு கறாரான எல்லை உண்டு. புகார் சொல்லத் துணிந்தவர்தான் நம்மிடம் வருகிறார். எத்தனை பேர் வரவில்லை என்பதை இந்த நோட்டு ஒருநாளும் சொல்லாது.

## வழி 2: போன் சர்வே

'எத்தனை பேருக்கு' என்ற கேள்விக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. ஏழைகளுக்கான நிதிச் சேவைகளை ஆராயும் சிகேப் (CGAP) அமைப்பு, கென்யாவிலும் தான்சானியாவிலும் மொபைல் கடன் வாங்கியவர்களிடம் போனில் எடுத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். கென்யாவில் ஏறக்குறைய பாதிப் பேரும் தான்சானியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களும் தாமதமாகக் கட்டியிருந்தார்கள். கட்டவே முடியாமல் போனவர்கள் கென்யாவில் 12 சதவீதம், தான்சானியாவில் 31. 'புதுமையான சேவை, ஏழைக்கு வரம்' என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இந்த எண்கள் பேச்சின் போக்கை மாற்றின. கென்யா 2021 இறுதியில் சட்டம் திருத்தி, 2022-ல் டிஜிட்டல் கடன் நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று விதி போட்டது. அதற்குக் காரணம் ஒரு சர்வேதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண் இல்லாமல் அந்த வாதம் நின்றிருக்காது.

நம்மூரில் இதைச் செய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைத்து "வணக்கம், நீங்கள் ஏதாவது கடன் வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள் என்பதுதான். நீங்களே வசூல் ஆள் மாதிரித்தான் ஒலிப்பீர்கள். போனை வைத்துவிடுவார்கள், வைத்தால் அவர்கள் மீது குற்றமில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய கடனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். போனை எடுப்பது அவராக இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். மகளிர் குழுத் தலைவி முன்கூட்டியே சொல்லி வைத்து, "எப்போது பேச வசதி?" என்று கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில் பேசினால்தான் இது நடக்கும்.

கேள்வியைப் போடும் விதமும் உண்டு. 'நீங்கள் மோசடிக்கு ஆளானீர்களா?' என்றால் இல்லை என்பார்கள், ஏமாந்தேன் என்று யார் ஒப்புக்கொள்வார்? 'கேட்ட தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா?' என்று கேளுங்கள். 'கடைசியாக யார் போனுக்கு அழைத்து உங்களைப் பற்றிப் பேசினார்கள்?' என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் விடை வரும்.

எண்ணிக்கை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். குலுக்கல் முறையில் 400 பேரை எடுத்தால், விடை ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி அப்படி இப்படி இருக்கும். 100 பேர் என்றால் 10. ஆனால் குலுக்கலுக்கு முழுப் பட்டியல் வேண்டும், அது நம்மிடம் இருக்காது. தெரிந்தவரின் தெரிந்தவர் என்று 1,000 பேரைப் பிடித்துவிட்டு 'தமிழ்நாட்டில் 38 சதவீதம் பேர்' என்று எழுதினால், நிதி நிறுவனத்தின் வக்கீல் முதல் பக்கத்திலேயே கிழித்துவிடுவார்.

நிறுவனத்தின் பெயர் இதில் கிடைக்காது. ஆப்பின் பெயரே பலருக்கு நினைவிருக்காது, "அந்த மஞ்சக் கலர் படம் போட்டது" என்பார்கள்.

## வழி 3: மாறுவேட வாடிக்கையாளர்

சாதாரண வாடிக்கையாளர் போலப் போய், நடப்பதை எழுதிக்கொண்டு வருவது. இந்த முறையின் வலிமைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆப் உலகத்தில் இல்லை, நம் நாட்டு ஆயுள் காப்பீட்டில் இருக்கிறது. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் என்ற மூவர் ஆட்களை வாடிக்கையாளர் போல முகவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். முகவர்கள் தேவைக்குப் பொருந்தாத, ஆனால் கமிஷன் கூடுதலாகக் கிடைக்கும் பாலிசியைத்தான் பெரும்பாலும் பரிந்துரைத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். சுவாரசியம் அடுத்தது. இடையில் ஒரு வகைப் பாலிசிக்கு மட்டும் கமிஷனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. முகவர்கள் திருந்தினார்களா? அந்தப் பாலிசியைப் பரிந்துரைப்பதைக் குறைத்துக்கொண்டு, சொல்லத் தேவையில்லாத வேறொன்றுக்கு நகர்ந்தார்கள். ஒரு ஜன்னலை மட்டும் மூடினால் காற்று அடுத்த ஜன்னல் வழியாக வரும் என்று விதி எழுதுபவருக்குக் காட்ட, எந்த சர்வேயாலும் முடியாது.

டிஜிட்டல் சேவையில் இது கச்சிதமாகப் பொருந்தும் இடம், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முகவர் கடை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. ஏடிஎம் கார்டு பழக்கமில்லாத பெண்கள் ஊருக்குள் இருக்கும் கடையில் ரேகை வைத்து எடுப்பார்கள். ஒரு கடையில் நான் பார்த்தது: பாட்டி விரலை வைக்கிறார், மிஷின் இரண்டு முறை ஏற்கவில்லை, மூன்றாம் முறை விழுந்தது. கடைக்காரர் 980 எண்ணிக் கொடுத்தார். ரசீது இல்லை. "இருபது ரூவா சர்வீசு" என்று பாட்டியே எனக்கு விளக்கினார், கடைக்காரருக்குக்கூட அந்தச் சிரமம் இல்லை. வங்கி தன் முகவரோடு போடும் ஒப்பந்தத்தில், வாடிக்கையாளரிடம் முகவர் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று எழுத வேண்டும் என்பது ஆர்பிஐ விதி. பாட்டி இதைப் புகாராகச் சொல்ல மாட்டார், சர்வேயில் கேட்டாலும் 'பிரச்சினை எதுவும் இல்லை' என்றுதான் பதில் வரும். போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு. கடைக்காரருக்கு ஒரு பரிவர்த்தனைக்குக் கிடைக்கும் கமிஷன் சொற்பம். கடையின் பெயரைப் போட்டு அறிக்கை விட்டால், 'ஒரு முகவரின் தவறு, நீக்கிவிட்டோம்' என்று மேலே இருப்பவர்கள் கை கழுவிவிடுவார்கள், ஊருக்கு இருந்த ஒரு கடையும் போய்விடும். ஆகவே கடைப் பெயரை எடுத்துவிட்டு, எந்த வங்கியின் முகவர் என்ற அளவில் தொகுப்பதே சரி.

கடன் ஆப்பில் மாறுவேடம் போடுவது வேறு கதை. அங்கே வேடமே போட முடியாது. கேஒய்சி-க்கு உங்கள் ஆதார், உங்கள் பான், உங்கள் முகம். அடுத்தவர் ஆவணத்தை வைத்தால் அது குற்றம். வாங்கும் கடன் நிஜக் கடன், உங்கள் சிபில் அறிக்கையில் ஏறும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப்போகும் தொண்டரை இதில் இறக்கிவிடாதீர்கள். ஆர்வக்கோளாறில் ஒரு தம்பி தன் சொந்த போனிலேயே செய்துவிட்டதால், நாங்கள் ரொம்ப நாள் கவலையில் இருந்தோம்.

## வழி 4: ஆப் சோதனை

கடன் வாங்காமல், வாங்கும் கட்டம் வரை போய்த் திரும்புவது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, புது சிம், தொடர்பு எண்கள் காலி. திரைப் பதிவை ஓடவிட்டு ஆப்பைத் திறந்து, என்னென்ன அனுமதி கேட்கிறது, எந்த இடத்தில் கேட்கிறது, மறுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். முக்கிய விவர அறிக்கை எத்தனை தட்டலுக்கு அப்புறம் வருகிறது? தமிழில் இருக்கிறதா? 2024 ஏப்ரலில் வந்த ஆர்பிஐ சுற்றறிக்கைப்படி அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 'வேண்டாம்' பொத்தான் சாம்பல் நிறத்தில் மூலையில் ஒளிந்திருந்தால், டிக் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால், அதையும் எழுதுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படிப்பட்ட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலின் சொல்லையே பயன்படுத்தினால் கடிதம் சரியான மேசைக்குப் போகும்.

இரண்டு பேர், ஒரு வார இறுதி, சில நூறு ரூபாய். இவ்வளவு மலிவாக வேறெந்த வழியும் இல்லை. நிறுவனத்தின் பெயரும் ஆப்புக்குள்ளேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். எங்கேயும் இல்லையென்றால் அதுவே முதல் கண்டுபிடிப்பு. ஆனால் ஆப் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு திரையைக் காட்டலாம், அடுத்த அப்டேட்டில் எல்லாம் மாறலாம். பதிப்பு எண்ணும் தேதியும் இல்லாத ஸ்கிரீன்ஷாட் வெறும் படம்தான். தவிர, கதவு எப்படி இருக்கிறது என்று இது காட்டும், உள்ளே போனவர் என்ன ஆனார் என்று காட்டாது. ஆப் ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவ வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை மட்டும் தொடாதீர்கள். அது சைபர் க்ரைம் போலீசின் வேலை.

இதிலேயே ஒரு சின்ன வேலை இருக்கிறது, இதுவரை எந்தக் குழுவும் எடுக்க ஆர்வம் காட்டவில்லை. 2025 ஜூலையிலிருந்து, எந்த நிறுவனம் எந்த ஆப் வழியாகக் கடன் தருகிறது என்ற பட்டியலை ஆர்பிஐ தன் தளத்தில் வைத்திருக்கிறது. நிறுவனங்கள் தாமே கொடுத்த விவரம், ஆர்பிஐ சரிபார்த்ததல்ல என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் சரிபார்ப்பது யார்? பட்டியலில் ஐம்பது ஆப்களை எடுத்து, குறைதீர்க்கும் அதிகாரியின் எண்ணுக்கு அழையுங்கள். எடுத்தார்களா, தமிழில் பேசினார்களா, எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள். அவ்வளவுதான் ஆய்வு.

## ஆர்டிஐ பற்றி இரண்டு வரி

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'தமிழ்நாட்டிலிருந்து கடன் ஆப் மீது ஆண்டுவாரியாக வந்த புகார்கள் எத்தனை' என்பது போல எண்ணாகக் கேட்டால் பலன் உண்டு. 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் பதில் வராது. தனி வழியாக இதை நம்ப வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | புகார்த் தொகுப்பு | போன் சர்வே | மாறுவேடம் | ஆப் சோதனை |
|---|---|---|---|---|
| நிறுவனப் பெயர் | ஸ்டேட்மென்ட் பார்த்தால் கிடைக்கும் | கிடைக்காது | வங்கி அளவில் கிடைக்கும் | பெரும்பாலும் கிடைக்கும் |
| 'எத்தனை பேருக்கு?' | சொல்லாது | முறையாக எடுத்தால் சொல்லும் | 'எத்தனை கடையில்' என்று சொல்லும் | சொல்லாது |
| பிடிக்கும் நேரம் | ஓரிரு மாதம் | பல மாதம் | ஒன்றிரண்டு மாதம் | சில நாள் |
| விவரம் தருபவருக்கு ஆபத்து | தரவு கசிந்தால் பெரிது | வீட்டில் தெரிந்துவிடலாம் | முகவரின் பிழைப்பு | இல்லை; சோதிப்பவருக்கு உண்டு |
| எதிர்பாராத செலவு | நாமே உதவி மையமாகிவிடுவது | நம்பிக்கை பெறுவது, பட்டியல் | தொண்டரின் கடன் வரலாறு | அப்டேட் வந்தால் மறுபடி |

## யாருக்கு எது

வரைவு விதி வெளியாகி, கையில் மூன்று வாரம்தான் இருக்கிறது: ஆப் சோதனை. ஏற்கெனவே நோட்டில் இருக்கும் புகார்களில் ஆவணம் முழுதாக உள்ள ஐந்தாறை உடன் வையுங்கள். 2021-ல் பணிக்குழு செய்ததும் இந்தச் சேர்க்கைதான்.

ஒரே ஊரில், ஒரே ஆப்பால் பலர் மாட்டியிருக்கிறார்கள்: புகார்த் தொகுப்பு. பின்னால் பதிவு பெற்ற நிறுவனம் இருந்தால் முதலில் அதன் குறைதீர்க்கும் அதிகாரிக்கு, 30 நாளில் தீராவிட்டால் ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்). யாருமே இல்லையென்றால் சசேத் தளமும் போலீசும். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தையும் அங்கே சுட்டிக்காட்டலாம்.

பாதிக்கப்பட்டவருக்கே அது பாதிப்பு என்று தெரியாத விஷயம், அந்த இருபது ரூபாயைப் போல: மாறுவேடம்தான், வேறெதுவும் வேலைக்காகாது.

சர்வே? பல்கலைக்கழகமோ, சென்னையில் இருக்கும் த்வாரா ரிசர்ச் போன்ற ஆய்வு நிறுவனமோ உடன் வந்து, மாதிரி எடுப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டால் எடுங்கள். பதினைந்து மாணவர்களும் ஒரு எக்செல் தாளும்தான் கையில் இருக்கிறதென்றால் வேண்டாம். அந்த உழைப்பை ஐம்பது ஸ்டேட்மென்ட் வரிகளைச் சேர்ப்பதில் போடலாம்.

எதை எடுத்தாலும், கடிதத்தின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: நிறுவனத்தின் பெயர், மீறப்பட்ட விதியின் தேதியும் பத்தியும், அதைக் காட்டும் ஆவணத்தின் எண். கதை இரண்டாம் பக்கத்திலிருந்து. நம் குழுக்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் தலைகீழாக இருக்கின்றன. 'ஏழை எளிய மக்கள் கண்ணீர்' என்று தொடங்கி, பெயர் எட்டாம் பக்க இணைப்பில் கிடக்கும்.

தையல் கடை அக்கா விஷயத்தில், ஸ்டேட்மென்ட்டில் இருந்த கம்பெனி ஆர்பிஐயில் பதிவு பெற்றது. ஆனால் ஆர்பிஐ பட்டியலில் அந்தக் கம்பெனிக்கு நேரே அவர் வாங்கிய ஆப்பின் பெயர் இல்லை. அதைத்தான் முதல் வரியாக எழுதி, ஸ்டேட்மென்ட்டின் நகலோடு கம்பெனிக்கு அனுப்பினோம். மறுநாளிலிருந்து வசூல் போன் நின்றுவிட்டது, கடிதத்துக்குப் பதில் மட்டும் வரவில்லை. முப்பது நாளை அக்காவே காலண்டரில் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார், பிளவுஸ் டெலிவரி தேதிகளுக்கு நடுவே.